ஃபௌலர் கல்லில் ஒரு ஆழாக்குக் கம்பு

பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் பதினேழு சமண வீடுகள் மட்டும் உள்ள ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் ரத்னமாலா காலையில் சாப்பிட்டாளா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவள் கொல்லையில் பறவைகள் வந்து தின்றுவிட்டுப் போனால் அவள் சாப்பிட்டுவிட்டாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு ஒரு குருவிகூட வெளியே தலைகாட்டாத நாளில் அவள் பட்டினி. "சாப்பிட்டியா?" என்று அவளை யாரும் கேட்பதில்லை. வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

மேல்சித்தாமூரில் பிறந்தவள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. பதினாறு வயதில் புஷ்பதந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தாள். வந்த அன்றைக்கே மாமியார் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது அவர்கள் கொல்லைக் கிணற்றடியில் புங்கமரத்துக்குக் கீழே கிடந்த கல்லைத்தான். ஓர் ஆள் நீளம், அரை ஆள் அகலம், மேலே வழுவழுவென்று ஒன்றும் எழுதாத கல். முன்னொரு காலத்தில் ஒரு திகம்பர முனிவர் அந்த இடத்தில் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார், அவர் நினைவாகப் போட்ட கல் அது என்று பாட்டன் காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்கள். செஞ்சிப் பக்கம் அப்படி முனிவர்கள் நோன்பிருந்த பாறைகள் உண்டு, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முனிவர் கல் என்று பெயர். அதன்மேல் யாரும் கால் வைக்க மாட்டார்கள், மல்லாட்டை காயப்போட மாட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் களை வெட்டப் போன புஷ்பதந்தனைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு திண்டிவனத்துக்கு ஓடினார்கள். ரத்னமாலா பின்னால் ஓடினாள், முடியவில்லை, திரும்பி வந்து அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றாள். அவர் பிழைத்து வந்தால், உயிரோடு இருக்கிற நாள் வரைக்கும் தினம் இந்தக் கல்லின்மேல் ஒரு ஆழாக்குக் கம்பு போடுவேன், பறவை தின்னாமல் நான் தின்ன மாட்டேன் என்று விரதம் எடுத்துக்கொண்டாள். நூல் படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். முனிவர் யாருக்கும் வரம் தருவதில்லை, அவர் எல்லாவற்றையும் விட்டவர். ஆனால் புஷ்பதந்தன் நாலாம் நாள் நடந்து வந்தார். அதற்குப் பிறகு பதினாலு வருஷம் வாழ்ந்தார். அவர் போன பிறகும் ஆழாக்கு நிற்கவில்லை. எடுத்த விரதத்தைப் பாதியில் விடுவது சமண வீட்டில் சாதாரண விஷயம் இல்லை. கொலைக்கு அடுத்தபடி வைத்துப் பேசுவார்கள்.

எண்பத்து மூன்றில் அந்தக் கொல்லைக்குக் கரண்டு வந்தது. புஷ்பதந்தனின் தம்பி வர்த்தமானன் கிணற்றடியில் மோட்டார் கொட்டகை போட வேண்டும் என்றான். நல்லவன்தான், ஆனால் நினைத்தது அன்றைக்கே நடக்க வேண்டும் அவனுக்கு. கொட்டகைக்குத் தோதான இடம் கல் கிடந்த இடம். அண்ணி முடியாது என்றாள். ஒரு மாசம் இழுபறி. கடைசியில், பூசை செய்து, மரியாதையாகப் பத்தடி தள்ளி வைப்பது என்று பேசி முடித்தார்கள்.

கொல்லையில் கூலிவேலை செய்கிற பெரியதம்பியும் மூன்று ஆட்களும் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கல் ஒரு பக்கமாக எழும்பி நிமிர்ந்து நின்றது. அடிப்பக்கம் பூராவும் மண். பெரியதம்பி துண்டால் தட்டினான். மண் உதிர உதிர, வரிவரியாக எழுத்து தெரிந்தது.

"இன்னாங்க இது, இங்கிலீஷு போட்டுக்குது" என்றான் பெரியதம்பி.

வர்த்தமானன் எட்டாவது வரை படித்தவன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். தாமஸ் ஃபௌலர். வயசு இருபத்திரண்டு. பெருமுக்கல் கோட்டைக்குச் சண்டை நடந்த காலத்து வருஷம், இருநூறு வருஷத்துக்கு முன்னால். முனிவரும் இல்லை, நோன்பும் இல்லை. கும்பினிப் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவனின் கல்லறைக்கல், எந்தக் காலத்திலோ குப்புறக் கவிழ்ந்து, வெறும் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது.

"முனிவர் எப்ப அண்ணி இங்கிலீஷு கத்துக்கினாரு?" என்றான் வர்த்தமானன்.

ஆட்கள் சிரித்தார்கள். ரத்னமாலா சிரிக்கவில்லை. கல்லைக் கீழே வைக்கச் சொன்னாள். எழுத்து மேலே இருக்கும்படி அதே இடத்தில் வைத்தார்கள். மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல ஆழாக்கோடு வந்தாள். கம்பைத் தூவினாள். அது எழுத்துப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொண்டது. மைனாக்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்து எழுத்துக்குள்ளிருந்து கொத்தின.

வர்த்தமானன் ஜல்தியாகக் காரியத்தை முடிக்க நினைத்துத் திண்டிவனம் தாலுகா ஆபீசுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். அவர்களே வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவன் கணக்குப் போட்டான். அதுதான் அவன் செய்த தப்பு. பழைய கல்லறையாம், சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று சீமைக்கு எழுதிக் கேட்க வேண்டுமாம், பதில் வரும்வரை யாரும் அதைத் தொடக் கூடாதாம். கொட்டகை நின்றுபோயிற்று. "நானே போய் வாயைக் குடுத்து மாட்டிக்கினேன், ஒரே பேஜாரு" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த இரண்டு வருஷம் ரத்னமாலாவுக்குக் கஷ்டமான காலம். ஊரில் மற்றவர்கள் கல்லுக்குச் சந்தனம் வைப்பதை விட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் படையல் போடுகிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அவள் காதில் விழாமல் இல்லை. ஆனால் அவளைக் குடைந்தது அது இல்லை. நான் யாரிடம் போய் நின்றேன்? அந்தப் பதினாலு வருஷம் எங்கிருந்து வந்தது? விரதம் யார் முன்னால் எடுத்தது? இதைக் கேட்க அவளுக்கு ஆள் இல்லை. கம்பைத் தூவுவாள், பறவைகள் தின்னும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாள். சாப்பாடு இறங்கும். ஆனால் முன்னைப்போல இறங்காது.

எண்பத்தைந்து தை மாசம், அறுவடை ஓய்ந்த நேரத்தில், ஒரு அம்பாசிடர் கார் வரப்போரம் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் இறங்கினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லி, தலையில் துணித்தொப்பி. எடித் ஃபௌலர் என்று பெயர். கல்யாணம் ஆகாதவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட வந்தவர் அப்பாதுரை, விழுப்புரம் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. ஆங்கிலோ இந்திய அதிகாரிகளிடம் பேசிப் பேசி இங்கிலீஷ் பழகியவர். மனுஷர் பேச்சில் கெட்டிக்காரர்.

அந்த அம்மாள் நேரே கல்லண்டை போனார். முழங்கால் போட்டு உட்கார்ந்து, பெயரின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு சொன்னார், அப்பாதுரை தமிழில் சொன்னார். தாமஸ் அவருடைய பாட்டனுக்கும் பாட்டனுடைய தம்பி. ஊரைவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறியவன். செத்தான் என்று ஒரு கடுதாசி மட்டும் வந்தது. எங்கே புதைத்தார்கள் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. இந்தக் கல்லை விழுப்புரத்தில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைக்கப் பேசியாயிற்று. நாளைக் காலை டிராக்டர் வரும்.

வர்த்தமானனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இளநீர் வெட்டச் சொன்னான்.

ரத்னமாலா புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்குக் கல் போய்விட்டால் நாளன்றைக்கு எதன்மேல் போடுவது? இந்தக் கல்லின்மேல் என்றுதான் வாக்குக் கொடுத்தது. போடாமல் சாப்பிட முடியாது. சாப்பிட்டால் விரதம் போயிற்று. இருபத்து நாலு வருஷம் கட்டிக் காத்தது ஒரு டிராக்டரில் ஏறிப் போய்விடும்.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அவள் ஊரில் எந்தப் பெயரும் சும்மா வைத்த பெயர் இல்லை. வர்த்தமானன் என்றால் இருபத்து நாலாவது தீர்த்தங்கரர். புஷ்பதந்தன் என்றால் ஒன்பதாவது. கூப்பிடுகிறபோதெல்லாம் நாக்கில் புண்ணியம் ஏறட்டும் என்று வைத்த பெயர்கள். அப்படி இந்தப் பெயருக்குள்ளேயும் ஏதாவது ஒரு சாமி, ஒரு துறவி, ஒரு நல்ல சொல் இருக்காதா? இருந்தால் தன் விரதம் வீண் போகவில்லை என்று அவளுக்கு ஒரு பிடிப்புக் கிடைக்கும்.

"ஐயா, அந்தப் பேருக்கு இன்னா அர்த்தம்னு கேளுங்க" என்றாள் அப்பாதுரையிடம்.

அவர் கேட்டார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அப்பாதுரை வாயைத் திறந்தார், பதினேழு சமண வீட்டையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

"அது இன்னாத்துக்கும்மா, பழைய கதை."

"சொல்லுங்க."

"கேட்டா உங்களுக்கு நல்லா இருக்காது."

"நல்லா இருக்குமா இருக்காதான்னு நான் பார்த்துக்கிறேன். நீங்க சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பறவை புடிக்கிறவன்னு அர்த்தமாம். கண்ணி வச்சு, வலை போட்டு."

வர்த்தமானன் சிரிக்க ஆரம்பித்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

திண்டிவனம் சந்தையில் கவுதாரிகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு விற்கிற தெருவில் ரத்னமாலா நடந்ததே இல்லை. நாலு தெரு சுற்றிக்கொண்டு போவாள். அந்தத் தொழிலைப் பெயராக வைத்துக்கொண்டவனின் நெஞ்சுக்கு மேலேயா இத்தனை வருஷமும் கம்பு போட்டாள்? அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தினாள். அவளுக்கு ஒரு குணம். ஒன்று சுட்டால் கையை இழுத்துக்கொள்ள மாட்டாள், எதனால் சுட்டது என்று பார்ப்பாள். இந்த அம்மா பறவை பிடிப்பாரா என்று கேட்கச் சொன்னாள்.

எடித் ஃபௌலர் திகைத்துப்போனார். இல்லவே இல்லை என்றார். அப்பா செருப்புக்கடை வைத்திருந்தார். தாத்தா சாக்கு தைத்தார். அதற்கு முன்னால் கொல்லர், வண்டிக்காரர். கடைசியாகப் பறவை பிடித்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால், சதுப்பு நிலத்து ஓரமாக வலை விரித்து வாத்தும் உள்ளானும் பிடித்துப் பிரபுக்களின் சமையலுக்குக் கொடுத்த ஆட்கள். ஒரே ஊரில் நாலு தாமஸ் இருந்தால் எந்தத் தாமஸ் என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் செய்கிற தொழிலைப் பெயரோடு சேர்த்து ஏட்டில் எழுதினார்கள். அப்பன் பெயரோடு ஒட்டியது மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. மகன் வலையை விட்டுவிட்டான். பெயர் விடவில்லை.

"நம்ம பக்கம் அப்பன் பேரோட மொத எழுத்து ஒண்ணுதான். அவரு போனா அடுத்த தலைமுறையில அதுவும் போயிடும்" என்றார் அப்பாதுரை. "அங்க தொழில் செத்துப்போச்சு, பேரு மட்டும் புள்ள பெத்துக்கினே போவுது."

எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்று கேட்டாள் ரத்னமாலா. அவள் நினைத்தது பத்து வீடு, மிஞ்சினால் அவள் ஊரைப்போலப் பதினேழு வீடு.

அந்த அம்மாள் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். டெலிபோன் புத்தகத்தில் கிழித்த தாள். பொடிப்பொடி எழுத்தில் மேலிருந்து கீழே வரை பத்திபத்தியாக ஓடியது. அந்தப் பத்தி முழுக்க, பக்கத்துப் பத்தி முழுக்க, அடுத்த பக்கமும் அந்த ஒரே பெயர். அவருடைய ஒரு ஊரில் மட்டும், அதுவும் வீட்டில் போன் வைத்திருக்கிறவர்கள் மட்டும். தேசம் பூராவும் எடுத்தால் ஆயிரக்கணக்கில் வரும். அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில், கனடாவில் இன்னும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு முந்நூறு பேருக்குக் கடுதாசி எழுதிக் கேட்டாராம். ஒருவர்கூடப் பறவை பிடிப்பவர் இல்லை. பல் டாக்டர் உண்டு, பேருந்து ஓட்டுபவர் உண்டு, பாதிப் பேருக்குப் பெயரின் அர்த்தமே தெரியாது.

ரத்னமாலா அந்தத் தாளை வாங்கினாள். எழுத்து தெரியாத கண்ணுக்கு அது எறும்புச் சாரை. மேலே விரலை வைத்தாள், மெதுவாகக் கீழே இறக்கினாள், அடுத்த பத்திக்குப் போனாள். எத்தனை மனுஷர்கள். ஒரு குருவியின் இறகைக்கூடப் பிடுங்காதவர்கள். எவனோ ஒருவன் என்றைக்கோ செய்த கொலையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, வைத்திருப்பது தெரியாமலே நடந்துகொண்டிருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு பிள்ளை, இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, ஏழு கடல் தாண்டி வந்து, உயிரைக் கொல்லாதவர்களின் கொல்லையில் விழுந்திருக்கிறான். பெயர் மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கிறது. அதன் முதுகின்மேல் பறவைகள் வந்து தின்றிருக்கின்றன. யார் கூட்டிவந்தார்கள் இவனை? யார் புரட்டிப் போட்டார்கள் இந்தக் கல்லை? யாரும் இல்லை. தானாக நடந்திருக்கிறது.   சமண வீட்டில் இரவுச் சாப்பாடு பொழுது சாயும் முன்பே முடிய வேண்டும். அன்றைக்கு அவள் உலை வைக்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு ஆழாக்கோடு வந்தாள். அந்த அம்மாள் அவளுக்கும் முன்னால் வந்து கிணற்றுமேட்டில் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் அப்பாதுரை. ரத்னமாலா அவர்களைப் பார்க்காததுபோலக் கம்பைத் தூவினாள், தள்ளி வந்து நின்றாள். முதலில் காக்காய். பிறகு தவிட்டுக்குருவிக் கூட்டம். மைனா, மணிப்புறா, இரண்டு கிளி. கடைசியாக வேலி ஓரத்திலிருந்து ஒரு கவுதாரி, பயந்து பயந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து, ஃபௌலர் என்ற பெயரின் முதல் எழுத்திலிருந்து ஒரு மணியைக் கொத்தியது. எடித் ஃபௌலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

டிராக்டர் சத்தம் கேட்டது. பறவைகள் எழும்பிப் போயின. வர்த்தமானன் ஆட்களோடு வந்துவிட்டான்.

ரத்னமாலா கல்லுக்கும் கடப்பாரைக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஐயா, இதை அந்தம்மாகிட்ட அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தையும் கொறைக்காதீங்க. இந்தக் கல்லு போனா நான் சாப்பிட மாட்டேன். மெரட்டுறதுக்குச் சொல்லலை, என்னால முடியாது. ஆனா அதுக்காக மட்டும் கேக்கலை. அவங்க சனம் எம்மாம் பேரோ இருக்காங்க. அத்தினி பேரு தலையிலயும் இருக்கிற வெனை, ஒலகத்துல இந்த ஒரு எடத்துலதான் கரைஞ்சிக்கினு இருக்குது. விழுப்புரத்துல கொண்டுபோய் வச்சா மாலை போடுவாங்க. கம்பு யாரு போடுவாங்க?"

வர்த்தமானன் குறுக்கே வந்தான். "அண்ணி, இதுல முனிவரும் இல்லை, ஒண்ணும் இல்லை. வேட்டைக்காரன் வம்சம். உன் விரதமே செல்லாது."

"முனிவருக்கு எதுக்கு தம்பி என் ஆழாக்கு? அவரு எப்பவோ கரையேறினவரு. இவனுக்குத்தான் வேணும்" என்றாள் ரத்னமாலா.

அப்பாதுரை அப்படியே சொன்னாரோ கொஞ்சம் சேர்த்துச் சொன்னாரோ தெரியாது.   எடித் ஃபௌலர் பையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு டிராக்டர்காரனிடம் போய்க் கையை அசைத்துப் போகச் சொன்னார்.

வந்த டிராக்டரைச் சும்மா அனுப்ப மனசில்லாமல் வர்த்தமானன் அதில் எரு அடித்தான். மோட்டார் கொட்டகை கிணற்றுக்கு மேற்கே போயிற்று, பன்னிரண்டடி பைப்பு கூடுதலாகப் பிடித்தது. வெள்ளைக்காரனுக்காகப் பைப்பு வாங்கின ஒரே ஆள் இந்தத் தாலுகாவிலேயே நான்தான் என்பான். அந்த அம்மாள் ஊருக்குப் போகும் முன் மூன்று நாள் காலையும் வந்து நின்று பார்த்தார். கடைசி நாள் கம்பைத் தன் கையால் தூவக் கேட்டார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், குளித்துவிட்டு வந்தால் தூவலாம் என்றாள் ரத்னமாலா. அப்படியே வந்தார்.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆறு மாசம் கழித்துத் தபால்காரர் நடராசன் ஒரு நீலக் கடுதாசியைக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் வந்த அப்பாதுரை அதைப் படித்துச் சொன்னார். கனடாவிலிருந்து மார்த்தா ஃபௌலர் என்று ஒருத்தி. எடித் எழுதித் தெரிந்ததாம். தன் பெயருக்கும் ஒரு பிடி போட முடியுமா என்று கேட்டிருந்தாள். ரத்னமாலா மறுநாள் ஆழாக்குக்கு மேல் ஒரு பிடி சேர்த்துப் போட்டாள். அடுத்த மாசம் நாலு கடுதாசி. அதற்கடுத்த மாசம் பதினொன்று. "இன்னாம்மா, ஒலகம் பூரா உங்களுக்கு ஒரே சம்பந்திங்களா?" என்று நடராசன் சைக்கிளிலிருந்து இறங்காமலே கேட்பார்.

எண்பத்தெட்டில் அது இருநூற்றுப் பதினொன்று ஆயிற்று. எல்லோருக்கும் தினம் போட்டால் கொல்லைக் கம்பு தாங்காது. அவள் யோசித்து ஒரு முறை வைத்தாள். ஆழாக்கு தாமஸுக்கு. அதற்குமேல் ஒரு பிடி, ஒரு நாளைக்கு ஒரு பெயர், வந்த வரிசைப்படி. பெயர்களை அப்பாதுரை ஞாயிறுதோறும் ஏழேழாகச் சொல்லிக் கொடுப்பார். அவள் நாக்குக்கு வந்த மட்டும் சொல்லிப் போடுவாள். இந்த வரிசையில் உலகத்து ஃபௌலர்கள் எல்லோரும் எழுதினால் நீங்கள் இன்னும் எத்தனை ஜென்மம் எடுக்க வேண்டும் தெரியுமா என்று கேட்டார் அப்பாதுரை. எழுதட்டும் என்றாள்.

அந்த வருஷம் ஆடியில் ஒரு கடுதாசி வந்தது, உள்ளே ஒரு போட்டோவோடு. ஆஸ்திரேலியாவில் பிறந்து எட்டு நாள் ஆன பெண்குழந்தை. துணியில் சுற்றி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தது. பெயர் ரூத் ஃபௌலர். குழந்தையின் அப்பன் எழுதியிருந்தான், அவளுடைய முறை வரும்போது போட்டால் போதும் என்று.

அப்பாதுரை கணக்குப் பார்த்து, முறை வர ஏழு மாசம் ஆகும் என்றார். ரத்னமாலா போட்டோவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நாளைக்கே போடணும்."

"வரிசை இன்னா ஆவுறது? நீங்க வச்ச வரிசைதானே?"

"இது இன்னும் ஒரு காக்காயைக்கூடப் பார்த்திருக்காது. அதுக்குள்ள எண்ணூறு வருஷத்து வலை தலைமேல விழுந்துபூட்டுது. மத்தவங்க பெரியவங்க, பொறுத்துக்குவாங்க. ஏழு மாசம் இதை நான் சொமக்க விட மாட்டேன்."

மறுநாள் காலை, தாமஸின் ஆழாக்குக்கும் முன்னால், அவள் ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட்டாள். போடும்போது பெயரை இரண்டு தரம் சொன்னாள், முதல் தரம் நாக்கு சரியாகப் புரளவில்லை என்று.